மலைக்குப் பழி, காற்றுக்கு டீசல்

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் லோடு ஏற்றிக்கொண்டு நிற்கிற பிக்கப் ஓட்டுநர் ஒருவரிடம் மைலேஜ் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "கீழே நல்லாத்தான் குடுக்கு அண்ணாச்சி. புளியரை ஏத்தத்துலதான் எல்லாத்தையும் குடிச்சுருது" என்பார். கடையத்தில் கேட்டாலும் இதே பதில்தான். கேரளாவுக்குக் காய் கொண்டுபோகிற வண்டிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மலைமேல் ஒரு குற்றப்பத்திரிகை எழுதி வைத்திருக்கிறார்கள். எஸ் வளைவில் எஞ்சின் முக்குகிற சத்தம் காதில் விழுகிறது, கருப்புப் புகை கண்ணில் படுகிறது. சாட்சிக்கு அது போதும் என்று தோன்றிவிடுகிறது.

எனக்கும் நெடுநாள் அந்த எண்ணம்தான். ஒருநாள் தாளை எடுத்துக் கணக்குப் போட்ட பிறகு எண்ணம் மாறியது. அந்தக் கணக்கையும், சுமை வண்டியின் டீசலை மிச்சம் பிடிக்க இந்த வட்டாரத்தில் புழங்குகிற யோசனைகளையும் ஒவ்வொன்றாக எடை போடத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு தெளிவு. அமெரிக்காவில் பிக்கப் என்றால் பின்னால் எதையாவது இழுத்துப் போகவும் பயன்படுகிற வண்டி. படகு, குதிரைப் பெட்டி, தங்கும் அறை பொருத்திய டிரெய்லர் என்று ஏதோ ஒன்று கொக்கியில் தொங்குவதுண்டு. இழுவையில் மைலேஜ் கூட்டுவது எப்படி என்று அங்கே எழுதப்பட்டவற்றுக்கு அளவில்லை. நம்மூரில் அந்த வேலை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பிக்கப் முதுகில் சுமக்கிறது. 2005இல் டாடா ஏஸ் வந்து குட்டி யானை என்று பேர் வாங்கியது. அது, தோஸ்த், பொலிரோ எல்லாமே சுமக்கிற வண்டிகள். இழுக்கிற வேலை டிராக்டருக்கு. கடையத்துச் சூளையிலிருந்து செங்கல், வயலிலிருந்து வைக்கோல், தோட்டத்துக்கு எரு, எல்லாம் டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரில்தான் போகின்றன. ஒன்றுக்குச் சொன்ன யோசனை மற்றதற்குப் பொருந்தாது. பொருந்தும் என்று நினைப்பதிலிருந்துதான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

பிக்கப் கணக்கை முதலில் பார்ப்போம். வண்டி 1.7 டன், லோடு 1.3 டன், மொத்தம் 3 டன். டீசலில் இருக்கிற சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வேலையாக வந்து சேரும், மீதி வெப்பமாகப் போய்விடும். அப்படிப் பார்த்தால் 3 டன்னை 100 மீட்டர் உயரம் தூக்கக் கால் லிட்டர் டீசல் ஆகிறது. புளியரை அடிவாரத்திலிருந்து செங்கோட்டைக் கணவாய் உச்சிவரை உள்ள ஏற்றத்தை 200 மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர். வளைவில் நின்று நின்று கிளம்புவதற்கும் சின்ன கியரில் வீணாவதற்கும் இன்னொரு கால் லிட்டர் சேர்த்துவிடுவோம். முக்கால் லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 70 ரூபாய்க்குக் கிட்ட. மலை குடிப்பது அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணவாயின் கிழக்குப் பக்கம் ஏற்றம் குறைவு, மேற்கே ஆரியங்காவு தாண்டி இறக்கம் நீளம். புனலூர் தென்காசியைவிடத் தாழ்ந்த ஊர். ஆக, லோடோடு போகும்போது மொத்தத்தில் இறங்கித்தான் போகிறோம், ஏறி வருவது காலி வண்டி. சரக்கு ஏற்றிப் போக இதைவிட வாகான மலை அமைவது அபூர்வம்.

அப்படியானால் டீசல் போவது எங்கே? தரையில்தான். சாலையில் ஓடும் வண்டியை இரண்டு விசைகள் பின்னுக்குத் தள்ளுகின்றன. ஒன்று டயர் உருள்வதில் வரும் தடை. 3 டன் வண்டிக்குத் தார்ச் சாலையில் அது ஏறத்தாழ 30 கிலோ எடைக்குச் சமம். வேகத்தால் அது பெரிதாக மாறாது. இரண்டாவது காற்று. கேபின் உயரத்துக்குச் சரக்கு அடுக்கிய பிக்கப்பை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று சுமார் 50 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 80இல் அது 90 கிலோ. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, காற்றின் தடையோ கிட்டத்தட்ட இரு மடங்கை நெருங்குகிறது. வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் காற்றுத் தடை ஏறும் என்பது பள்ளிக்கூடத்து இயற்பியல். ஸ்டியரிங் பிடித்த பிறகு அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

கூட்டிப் பாருங்கள். 60இல் மொத்தம் 80 கிலோ, 80இல் மொத்தம் 120 கிலோ. டீசலாக மாற்றினால் லிட்டருக்கு 15 கிலோமீட்டருக்கும் 10 கிலோமீட்டருக்கும் உள்ள வித்தியாசம். தாளில் வந்த கணக்கு இது. குறைந்த சுமையில் எஞ்சினின் திறனும் கொஞ்சம் குறையும் என்பதால் சாலையில் 15 என்பது 13, 14 ஆகலாம். ஆனாலும் ஐம்பது கிலோமீட்டர் சமவெளியை 80இல் ஓட்டுகிறவர் 60இல் ஓட்டுகிறவரைவிட ஒரு லிட்டருக்கு மேல், ஒன்றரை லிட்டர் வரைகூடக் கூடுதலாக எரிக்கிறார். ஒரு கணவாயையே ஏறி இறங்கும் டீசலைவிட அது அதிகம். சத்தமில்லாமல், புகையில்லாமல் போவதால் யாரும் அதைக் கணக்கில் எழுதுவதில்லை.

முன்பு திருநெல்வேலி–தென்காசிச் சாலையில் 80 என்பது ஆசைப்பட்டாலும் முடியாத வேகம். குறுகிய சாலை, ஊருக்கு ஊர் திருப்பம், பேருந்துக்குப் பின்னால் ஊர்வலம். இப்போது நான்கு வழியாக அகன்றிருக்கிறது. நான்கு வழிச் சாலையில் சரக்கு வண்டி 80 வரை போகலாம் என்று 2018இன் மத்திய அரசு அறிவிப்பே சொன்னது. சாலை நன்றாக ஆனதும் மைலேஜ் கூடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். நிறுத்திக் கிளம்புவது குறைந்ததில் லாபம் உண்டு, மறுக்கவில்லை. அந்த லாபத்தை வேகம் எடுத்துக்கொள்கிறது.

எதிர்வாதத்தையும் கேட்டாக வேண்டும். "அறுபதுல உருட்டுனா சந்தைக்கு எப்பம் போய்ச் சேர?" நியாயமான கேள்விதான். விடியுமுன் சேராத காய்க்கு விலை இறங்கிவிடும், கமிஷன் கடைக்காரர் முகம் மாறிவிடும். ஆனால் நேரக் கணக்கையும் போடுவோம். நூறு கிலோமீட்டர் முழுக்க 80இல் ஓட்டினால் 75 நிமிடம், 60இல் 100 நிமிடம். இழப்பு 25 நிமிடம், மிச்சம் 200லிருந்து 300 ரூபாய். மலைப்பாதையில் 80 என்ற பேச்சே கிடையாது என்பதால் உண்மையில் வேகத்தில் கிடைக்கும் நேரம் அதிலும் பாதிதான். பத்துப் பதினைந்து நிமிடம் முந்திக் கிளம்ப முடிகிறவருக்கு இந்த வாதம் நிற்காது. லோடு ஏற்றவே தாமதமாகிப் போன நாளில் நிற்கும். அன்றைக்கு வேகத்துக்குக் கொடுக்கிற காசு வியாபாரச் செலவு, அது தெரிந்தே செய்கிற செலவு. தினமும் தெரியாமல் செய்வதுதான் நான் குறை சொல்வது.

இனி இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு விஷயம். குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று கொட்டும். தென்காசி, சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். கேரளாவுக்குப் போகிற லோடு வண்டி அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போகிறது. எதிர்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், 60இல் போகிற வண்டிக்கு அது 80இல் போவதற்குச் சமமான காற்று. மொத்தத் தடை அதே 120 கிலோ. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும், டீசல் டேங்க் 80 காட்டும்.

"போகும்போது எதிர்காத்து, வரும்போது பின்காத்து, சரியாப் போச்சு" என்பார்கள். சரியாகப் போகாது. அதே 20 கிலோமீட்டர் பின்காற்றில் மொத்தத் தடை 52 கிலோவுக்கு இறங்கும், உண்மைதான். 120ஐயும் 52ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 86 வரும். காற்றே இல்லாத நாளில் போக வர 80. எதிர்காற்று பிடுங்கியதைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை. சாரல் மாதங்களில் மைலேஜ் விழுவதற்கு மழையையும் மலையையும் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மாதங்களில் மேற்கே போகும்போது மட்டும் வேகத்தைப் பத்துக் கிலோமீட்டர் குறைப்பது, வருடம் முழுக்கக் குறைப்பதைவிட நடக்கக்கூடிய யோசனை. நான் பார்த்த யோசனைகளில் செலவே இல்லாமல் அதிகம் தருவதும் அதுதான்.

காற்று சம்பந்தமாக இன்னும் ஒன்று, சரக்கின் உயரம். கேபினுக்கு மேலே அரை மீட்டர் அடுக்கினால் காற்றில் முட்டும் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். 80இல் அது 20 கிலோ தடை. சாரல் எதிர்காற்றில் 60இல் போனாலும் அதே 20 கிலோதான். அதே சரக்கைப் பின்னுக்கு நீட்டி, தாழ அடுக்க முடிந்தால் அந்த இருபதும் மிச்சம். தார்ப்பாயை இழுத்துக் கட்டாமல் படபடக்க விடுவதும் காற்றுக்குத் தீனி. கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும். கேபின் கூரையில் காலியாக நிற்கிற கேரியரை ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. அதில் படுக்கை விரித்துத் தூங்குகிறவர்களை மட்டும் மன்னித்துவிடலாம்.

டயர் காற்று பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் சுருக்கமாக. உருளும் தடை 30 கிலோதான் என்று பார்த்தோம். காற்றைச் சரியாக அடைத்து அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் 3 கிலோ மிச்சம், மொத்தத்தில் நூற்றுக்கு நாலு. கெட்ட லாபமில்லை. ஆனால் விளம்பரம் சொல்லுகிற அளவுக்குப் பெரியதும் இல்லை. டயர் தேய்மானத்தையும் சேர்த்தால்தான் அதன் உண்மையான மதிப்பு தெரியும்.

அடுத்து நியூட்ரல். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு உருள விடுவதை ஒரு வித்தையாகவே பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். இதில் கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது. மெல்லிய சரிவில், பிரேக் தேவைப்படாத இடத்தில், நியூட்ரலில் வண்டி கூடுதல் தூரம் உருளும் என்பது பொய்யில்லை. ஆனால் ஆரியங்காவு இறக்கத்தில் பிரேக் மிதிக்காமல் யாரும் இறங்க முடியாது. பிரேக் மிதிக்க வேண்டிய இறக்கத்தில் கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய காமன் ரெயில் எஞ்சின் டீசலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் எஞ்சின் தானே ஓடிக்கொண்டிருக்க டீசல் கேட்கும், மணிக்கு அரை லிட்டர் அளவில். கால் மணி நேர இறக்கத்தில் அது பத்துப் பன்னிரண்டு ரூபாய். மிச்சம் என்று நினைத்ததே செலவு. எஞ்சின் பிடிக்க வேண்டிய 3 டன் வண்டியின் வேகத்தைப் பிரேக் லைனிங் மட்டும் பிடிக்கும்போது அது காய்ந்து வழுக்கத் தொடங்கும். எஞ்சினையே அணைத்து உருட்டுகிறவருக்குப் பிரேக்கின் துணைவிசையும் பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். பன்னிரண்டு ரூபாய் நட்டத்துக்கு உயிரைப் பணயம் வைக்கிற இந்த வித்தையை நான் முழுதாகத் தள்ளுகிறேன்.

டேங்கில் ஊற்றுகிற மைலேஜ் மருந்து, டீசல் குழாயில் மாட்டுகிற காந்தம் போன்றவற்றுக்கு ஒரு பத்திக்கு மேல் தேவையில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டுகிற ஒன்றைக்கூடக் காணவில்லை. விற்கிறவருக்கு மட்டும் மைலேஜ்.

இப்போது டிராக்டர். இங்கே கணக்கு தலைகீழாகிறது. இரண்டாயிரம் செங்கல் ஐந்து டன்னுக்கு மேல் வரும். டிரெய்லரையும் டிராக்டரையும் சேர்த்தால் எட்டரை டன். மணிக்கு 20 கிலோமீட்டரில் அதைத் தள்ளுகிற காற்று வெறும் 10, 11 கிலோ. உருளும் தடையோ தாரிலேயே 170 கிலோ. பிக்கப்புக்குச் சொன்ன வேகமும் உயரமும் இங்கே செல்லாக்காசு. செங்கல் டிராக்டருக்கு எதிரி மண். தார்ச் சாலையை விட்டு இளகிய மண்ணில் இறங்கியதும் அந்த 170 கிலோ ஐந்து மடங்காகி 850 கிலோவாகும். சூளைக்குள் ஒரு கிலோமீட்டர் ஓடுவது தாரில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமம். சூளையின் உள்பாதைக்கு உடைகல்லும் சரளும் கொட்டி இறுக்கினால் கிடைக்கிற லாபத்தை எந்த ஓட்டுநரின் திறமையும் தந்துவிடாது. பாதை போடுகிறவர் சூளைக்காரர், டீசல் போடுகிறவர் டிராக்டர்காரர். அதனால்தான் பாதை அப்படியே கிடக்கிறது.

வைக்கோல் மட்டும் விதிவிலக்கு, அது என்னை ஆச்சரியப்படுத்திய விதிவிலக்கு. இரு பக்கமும் பிதுங்கி மேலே மலைபோல் ஏற்றிய வைக்கோல் வண்டிக்கு எடை குறைவு, பரப்பு அதிகம். காற்றில்லாத நாளில் 20 கிலோமீட்டர் வேகத்தில் 30 கிலோ காற்றுத் தடை, 110 கிலோ உருளும் தடை. பிசானப் பருவத்து அறுவடை காற்று ஓய்ந்த காலத்தில் வருவதால் அப்போது அது சரி. கார்ப் பருவத்து அறுவடை முடியும்போது மேல்காற்று இன்னும் ஓய்ந்திருக்காது. அதே 20 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால் காற்றுத் தடை நாலு மடங்காகி 120 கிலோ ஆகும். உருளும் தடையையே மிஞ்சிவிடும். இயந்திரத்தில் உருட்டிக் கட்டிய வைக்கோல் என்றால் கட்டுவதற்கான கூலியை மட்டுமே கணக்குப் பார்க்கிறார்கள். அடங்கி, தாழ்ந்து, இறுகிப் போகிற லோடில் மிஞ்சும் டீசலையும் அந்தக் கூலியிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும்.

டிராக்டரில் ஓட்டுநர் கையில் இருக்கிற பெரிய மிச்சம் கியர்தான். உழவுக்கு வைத்த த்ராட்டிலை அப்படியே விட்டு, சின்ன கியரில் உறுமிக்கொண்டு ரோட்டில் போகிற டிராக்டர்களைத் தினம் பார்க்கிறோம். பாதி லோடு இருக்கும்போது ஒரு கியர் கூட்டி, த்ராட்டிலைக் குறைத்தால் அதே வேகத்தில் டீசல் கணிசமாகக் குறையும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா டிராக்டர் சோதனையில், சுமையைக் குறைத்து எஞ்சின் சுற்றையும் குறைத்து அளந்து பார்ப்பது வழக்கமான ஒரு பகுதி. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்துப் புத்னி நிலையத்தின் சோதனை அறிக்கைகளிலும் எந்தச் சுமைக்கு எவ்வளவு டீசல் என்ற எண்கள் இருக்கின்றன. ஷோரூமில் தருகிற வண்ணத்தாளுக்குப் பதில் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஒரு எச்சரிக்கை: முழு லோடில் பெரிய கியர் போட்டு எஞ்சின் திணறிக் கரும்புகை கக்கினால் அது மிச்சமல்ல, ஒரு கியர் இறங்க வேண்டும். 2023 ஜனவரியில் வந்த புதிய மாசு விதி 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான். நம்மூரில் ஓடுகிற பெரும்பாலானவை அதற்குக் கீழே. ஆகவே கணினி வந்து டீசலைக் கணக்காக ஊற்றும் என்று காத்திருக்க முடியாது, காதால் கேட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

கடைசியாக, எல்லோரும் வாயளவில் மறுத்துக் கையளவில் செய்கிற யோசனை, கூடுதல் லோடு. இதை நேர்மையாகவே எடை போட வேண்டும். பிக்கப்பில் 1.3 டன்னுக்குப் பதில் 2 டன் ஏற்றினால் சமவெளியில் டீசல் நூற்றுக்குப் பத்து அளவில்தான் கூடும், சரக்கோ பாதிக்கு மேல் கூடுகிறது. டன்னுக்கு ஆகிற டீசல் குறைகிறது. கணக்கு அவர்கள் பக்கம்தான். அதனால்தான் அறிவுரையால் இது நிற்பதில்லை. ஆனால் கணக்கை முடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அளவுக்கு மீறிய சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. 20,000 ரூபாய் என்பது 217 லிட்டர் டீசல். லிட்டருக்கு 12 என்று வைத்தாலும் 2,600 கிலோமீட்டர் ஓட்டம். ஒருமுறை மாட்டினால் பல மாத மிச்சம் போய்விடும். இறக்கத்தில் பிரேக் கேட்காமல் போவதை ரூபாயில் நான் எழுதவில்லை.

அதே தர்க்கத்தைச் சட்டத்துக்குள்ளேயே பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது, ரிட்டர்ன் லோடு. காலி பிக்கப் லோடு வண்டி குடிப்பதில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாமல் குடிக்கும். காற்றுக்கு வண்டி காலியா நிறையா என்பது தெரியாது. வரும்போது பாதி லோடாவது கிடைத்தால், டன்னுக்கு ஆகிற டீசல் பெருமளவு குறையும். கிடைப்பது ஓட்டுநர் கையில் இல்லை என்பதால் அதை முதலிடத்தில் வைக்க என்னால் முடியவில்லை.

ஆக, என் தீர்ப்பு. மலைமீதான வழக்கு தள்ளுபடி. பிக்கப்புக்கு முதல் குற்றவாளி சமவெளி வேகம், இரண்டாவது சரக்கின் உயரம், டயர் அதற்கும் பின்னால். செங்கல் டிராக்டருக்கு மண்பாதையும் தவறான கியரும். நியூட்ரலும் மருந்தும் காந்தமும் இன்றே நிறுத்த வேண்டியவை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற ஒரே எண்ணை வைத்துப் பேசுவதையும் விட்டுவிடலாம். ஒரு டன் சரக்கைச் சந்தையில் இறக்க எத்தனை லிட்டர் ஆனது என்பதே சுமை வண்டிக்கான கேள்வி.

என் எண்களை அப்படியே நம்ப வேண்டாம். டேங்கைக் கழுத்துவரை நிரப்பிக் கிளம்பி, திரும்பி வந்து அதே பம்ப்பில் அதே கழுத்துவரை நிரப்புங்கள். எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை டன் போனது என்று எழுதுங்கள். ஒரு வாரம் வழக்கமான வேகம், அடுத்த வாரம் 60. போகும்போது காற்று எதிரா பின்னா என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். அதைக் குறிக்காத நோட்டு ஆனியிலும் ஆடியிலும் உங்களை ஏமாற்றும்.